பின்சுவருக்கு அப்பால் எறிந்த எலிகள்

எங்கள் தானியக் கிடங்கில் எலிக்கு மருந்து வைக்கிறவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தது மூட்டை தூக்குகிறவர்கள். கையில் வெள்ளைக் கையுறை, தோளில் ஒரு பை. அது போதாதா அவர்களுக்கு? "டாக்டரம்மா வைத்தியம் பார்த்த பேஷன்ட் ஒருத்தராவது திரும்பி வந்து குறை சொல்லியிருக்காங்களா?" என்பது அவர்களுடைய பழைய கிண்டல். அவளும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். நான் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. லாரிகளை எடைபோடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். அவளைவிட ரொம்ப மூத்தவன். அவள் என்னை அண்ணே என்பாள், நான் அவளை ஏம்மா என்பேன்.

முதலில் அவள் வந்தது கீழே சிந்தும் தானியத்தைக் கூட்டிப் பெருக்கத்தான். அப்போது எலிக்கு மருந்து வைத்தவன் வேறொருத்தன். ஏதோ சாம்பல் நிறப் பொடியை மாவில் பிசைந்து மூலைக்கு மூலை உருட்டி வைப்பான். ஒருநாள் காவலாளியின் நாய் அதைத் தின்றுவிட்டு நுரை தள்ளிச் செத்தது. காவலாளி தடியை எடுத்துக்கொண்டு துரத்தியதில் அவன் ஓடினவன் ஓடினவன்தான், சம்பளம் வாங்கக்கூட வரவில்லை. அடுத்த ஆள் யார் என்று மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். எலியைக் கண்டால் மேஜைமேல் ஏறாத ஒரே ஆள் இவள். அதுதான் தகுதி. கரப்பான்பூச்சிக்கு அலறுவாள், அது வேறு விஷயம்.

மருந்து தயாரிக்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து கற்றுக்கொடுத்தார். நீல நிறத்தில் சின்னச் சோப்புத் துண்டு மாதிரி ஒரு கட்டி. அதைக் கறுப்புப் பெட்டிக்குள் கம்பியில் கோர்த்துப் பூட்டிவிட வேண்டும். எலி உள்ளே போய்த் தின்னும், ஒன்றும் ஆகாததுபோல வெளியே வரும், சில நாள் கழித்து உடம்புக்குள் ரத்தம் கசிந்து சாகும். உடனே சாகாததால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. நாய், பூனை, குழந்தையின் கை எதுவும் பெட்டிக்குள் போகாது. தப்பித் தவறிப் போனாலும் விஷத்தை முறிக்க மாற்று மருந்து இருக்கிறது. இப்படியெல்லாம் அவர் சொன்னார். நாயின் சாவைக் கண்ணால் பார்த்தவள் அவள். இதைக் கேட்டதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போதாதென்று, பெட்டியின் ஓட்டையைச் சுற்றித் தகரம் அடித்து இன்னும் குறுக்கிவிட்டாள். பெருச்சாளியே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

கிடங்கில் ஒரு கட்டாயம் உண்டு. மூட்டைகளுக்கு நடுவே செத்த எலி ஒன்று கண்ணில் பட்டால் போதும், சரக்கு எடுக்க வருகிற ஆட்கள் மொத்த லோடையும் திருப்பிவிடுவார்கள். அதனால் எலி உள்ளே சாகக்கூடாது. மருந்து தின்ற எலி சாவதற்கு முன்னால் மந்தமாகிவிடும். பட்டப்பகலில் சுவரோரமாகத் தள்ளாடிக்கொண்டு வரும், ஆளைக் கண்டாலும் ஓடாது. காலையில் வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான். நீள இடுக்கியால் வாலைப் பிடித்துத் தூக்குவாள், பின்பக்கம் நடப்பாள், நெஞ்சளவு உயரமுள்ள சுவருக்கு மேலாக அந்தப் பக்கம் எறிவாள்.

அந்தப் பக்கம் முள்ளும் புதருமாக ஒரு வெற்றிடம், நடுவில் ஒரு சாக்கடை. அங்கே ஒரு ஜோடிக் கீரி இருந்தது. முதல் எலியை அவள் எறிந்தது சும்மா தூக்கிப்போடத்தான். கீரி வந்து கவ்விக்கொண்டு போனதைப் பார்த்ததும் அதுவே வழக்கமாகிவிட்டது.

"பாவம், அதுங்களும் வெயில்ல வேட்டையாடி அலையுதுங்கண்ணே. நோகாம ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டுமே" என்றாள் ஒருநாள்.

என் அறையின் பின்ஜன்னலில் இதெல்லாம் நன்றாகத் தெரியும். முதலில் அவள் போகிறவரை கீரிகள் புதருக்குள் ஒளிந்திருக்கும். பிறகு ஒளியவில்லை. கடைசியில் அவள் தலை சுவருக்கு மேலே தெரிந்தாலே போதும், பின்னங்காலில் எழுந்து நின்று எட்டிப் பார்க்கும். ஆண் கொஞ்சம் முறைப்பு, தள்ளியே நிற்கும். பெண்ணுக்கு வால் நுனி கிடையாது, எங்கேயோ எதனிடமோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. அதற்கு மொட்டை என்று பெயர் வைத்தாள். "ஏம்மா, சம்பந்தியம்மா வாசல்ல காத்திருக்காங்க, என்ன இன்னும் ஆடி அசைஞ்சு வர்ற?" என்று நான் ஜன்னல் வழியாகச் சீண்டுவேன். "விருந்துக்கு வந்தவங்கள நிக்க வைக்கக் கூடாதுண்ணே" என்று இடுக்கியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போவாள். வேலை செய்கிற இடத்தில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கே பொறாமையாக இருக்கும்.

அந்த ஆண் கீரி ஒரு காலையில் எடைமேடையின் இரும்புத் தகட்டுக்குப் பக்கத்தில் நீட்டிப் படுத்துச் செத்துக் கிடந்தது. லாரி ஏறியிருக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு சிராய்ப்பு இல்லை. அவள் வந்து புரட்டிப் பார்த்தாள். வயிற்றுத் தோலுக்கு அடியில் கறுப்பாக, நீலமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. அடித்த அடி என்றாள் அவள். பாம்புக் கடி என்றேன் நான். மூட்டைக்காரர்களுக்கு வாய்க்குப் பஞ்சமா? ஒருவன் வெயில் என்றான். இன்னொருவன் லாரிக்காரர்கள் பேட்டரித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள், அதைக் குடித்திருக்கும் என்றான். ஆளாளுக்கு வைத்தியர் ஆனோம்.

அவளுக்குக் கேண்டீன்காரர்மேல் சந்தேகம். கோழி வளர்க்கிறவர், முட்டை காணாமல் போகிறது என்று கீரிகளைத் திட்டிக்கொண்டே இருப்பார். நேராகப் போய்க் கேட்டுவிட்டாள். "ஏம்மா, மருந்து வைக்கறது நீ, பழி எனக்கா?" என்று அவர் எகிறினார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று முழுக்க எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு கட்டியிலும் எலிப் பல்தான். ஒரு பெட்டிகூட உடையவில்லை. அப்படியும் மனசு ஆறாமல், செத்த கீரியின் தலையைப் பெட்டியின் ஓட்டையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பாதித் தலைக்கு மேல் நுழையவில்லை.

"தலையே போகலண்ணே. அப்புறம் எப்படி?" என்றாள். குரலில் நிம்மதியும் இருந்தது, குழப்பமும் இருந்தது. எனக்கும் அப்படியே.

அதற்குப் பிறகு எலி கூடியது. எங்களுக்கு அதுவும் புரியவில்லை. மருந்து அதே மருந்து, பெட்டி அதே பெட்டி, ஆளும் அதே ஆள். எலி மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எலி பிடிக்கிற இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார் என்று எங்கள் மண்டையில் ஏறவில்லை. மேனேஜர் கடிந்துகொண்டார். அவள் கட்டிகளைக் கூட்டினாள். கட்டி கூடினதும் தள்ளாடுகிற எலியும் கூடியது. மொட்டை இப்போது தனியாக வந்து நின்றது. "துணையும் போயிடுச்சு, எங்கன்னு போய் வேட்டையாடும்?" என்று இருப்பதிலேயே கொழுத்த எலியாகப் பார்த்து அதற்கு எறிந்தாள்.

ஒரு மத்தியானம் பின்பக்கத்திலிருந்து அவள் என்னைக் கூப்பிட்ட குரலில் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். மொட்டை சாக்கடையோரம் உட்கார்ந்திருந்தது. எழுந்து நிற்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் நூலாக வழிந்து காய்ந்து, அதற்கு மேலே புதிதாக வழிந்துகொண்டிருந்தது. அவள் சுவரை எப்படித் தாண்டினாள் என்று எனக்குத் தெரியாது. சாக்கை விரித்து அதைத் தூக்கி உள்ளே வைத்தாள். கீரியைச் சாக்கில் வைப்பதென்றால் சும்மாவா, விரலை எடுத்துவிடும் என்று நான் கத்தினேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கடிக்கவே மாட்டேங்குதுண்ணே" என்றாள்.

என் ஸ்கூட்டரில்தான் போனோம். கால்நடை மருத்துவமனையில் ஒரே ஒரு நீள பெஞ்சு. தலையில் ரிப்பன் கட்டிய நாயோடு ஓர் அம்மா, கூண்டில் கிளியோடு ஒரு பெரியவர், அவர்களுக்கு நடுவே சாக்கோடு நாங்கள். "என்ன கொண்டு வந்திருக்கீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். "கீரி" என்றேன். நாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஆக, எங்கள் முறை சீக்கிரம் வந்தது.

உள்ளே இருந்த டாக்டர் சின்னப் பெண். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டியது வெள்ளைத் தாளாக இருந்தது. சோதனைக்கு ஊசி குத்தி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "பக்கத்துல எங்கயாவது எலி மருந்து வைக்கிறாங்களா?" என்று கேட்டார்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டி, பூட்டு, தகரம், ஓட்டையின் அளவு, செத்த கீரியின் தலை நுழையாதது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டியில இருந்து தின்னலக்கா. எலியில இருந்து தின்னிருக்கு."

"எலிதான் செத்துப்போகுதே டாக்டர். மருந்தும் அதோட முடிஞ்சுபோச்சே."

"முடியறதில்ல. எலியோட ஈரல்ல அப்படியே தங்கியிருக்கும். அந்த எலிய தின்னா இதோட ஈரலுக்கு வந்திடும். ஒரு எலியில பெருசா ஒண்ணும் தெரியாது. அடிக்கடி தின்னா சேர்ந்துக்கிட்டே போகும். நரி, காட்டுப்பூனை, மரநாய்னு எலி தின்ற எதுக்கும் இதே கதைதான். உடனே சாகாம இருந்தாலும் சோர்ந்துபோயிடும், சொறி பிடிக்கும், ரோட்டுல வண்டி வந்தா விலகத் தெரியாது. எல்லாம் புதருக்குள்ள செத்துக் கிடக்கும். யாரு பார்க்கப்போறா?"

எரிந்த தீக்குச்சி மாதிரி, எலியைக் கொன்றதோடு மருந்தின் கதை முடிந்தது என்றுதான் இவ்வளவு காலமும் அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான். டாக்டர் பஞ்சை மாற்றிக்கொண்டே, "ஆனா உடம்பு இந்த அளவுக்குப் போகணும்னா நிறைய எலி தின்னிருக்கணும். எப்படித்தான் அவ்வளவு கிடைச்சதோ" என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"நான்தான் போட்டேன்" என்றாள் அவள். "தினமும் நான்தான் போட்டேன். அந்த ஆணுக்கும்."

டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. வைட்டமின் ஊசி ஒன்று போட்டார். அதே வைட்டமினை மாத்திரையாக ஒரு மாதம் போல விடாமல் கொடுக்க வேண்டும், கூண்டில் அசையாமல் வைத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் தாண்டினால் பிழைக்கலாம் என்றார். நன்றாக ஆனதும் காட்டில் விட்டுவிட வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வாசலுக்கு வந்ததும் அவள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுதான் அந்த மாத்து மருந்தாம்ண்ணே. இருக்கு இருக்குன்னு சொன்னாரே அந்தக் கம்பெனிக்காரர். யாருக்கு இருக்கு? புதர்ல கிடக்கறது எழுந்து மருந்துக்கடைக்கு வருமா?" என்றாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அவள் புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறையில் தையல் மிஷின், வெட்டின துணி, பள்ளிக்கூடச் சீருடைகள். அந்த மிஷினுக்குப் பக்கத்தில்தான் கூண்டுக்கு இடம் கிடைத்தது. "ஊர்ல அவனவன் பொண்டாட்டி பூனை வளர்க்கறா, புறா வளர்க்கறா. எனக்கு வாய்ச்சது பாருங்க" என்று என்னிடம் முறையிட்டார். மறுநாள் நான் போனபோது அதே மனிதர் முட்டையில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கி, கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஒரு வாய் நக்கிடும்மா, என் கண்ணுல்ல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மொட்டை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அவள் மாத்திரை கரைத்த தண்ணீரைத் துணியில் நனைத்து அதன் வாயில் பிழிந்தாள். மிஷின் சத்தம் அதற்குத் தொந்தரவு என்று புருஷன் அன்று தைக்கவில்லை.

கிடங்கில் அவள் நடமாட்டமே மாறிப்போயிற்று. பெட்டியைத் திறப்பாள், கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள், வைக்காமல் மூடுவாள், மறுபடி திறப்பாள். மூட்டைக்காரர்கள்கூடக் கிண்டலை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் விரலில் பெரிய கட்டோடு என் அறைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கடிச்சிருச்சுண்ணே. கையுறையையும் தாண்டி, எலும்பு வரைக்கும்" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

அந்தத் தைரியத்தில் மேனேஜரிடம் போனாள். இனி மருந்து வேண்டாம், பொறி வைத்தே பிடிக்கிறேன் என்றாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "மருந்த நிறுத்தினா எலி வரும். எலி வந்தா சரக்கு திரும்பும். சரக்கு திரும்பினா அதோ, அவங்களுக்கெல்லாம் என்ன பதில் சொல்ற?" என்று மூட்டைக்காரர்களைக் காட்டினார். "நீ வைக்கலைன்னா கம்பெனியில இருந்து வேற ஆளை அனுப்புவாங்க. அவன் உன்னை மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்வானா?" என்றார். அவர் சொன்னது நியாயம், அதுதான் தொல்லையே. நியாயமில்லாமல் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கடைசியில் கிடங்குக்கு உள்ளே பொறி, வெளியே சுவரோரம் மருந்துப் பெட்டி என்று முடிவாயிற்று.

அவளும் சளைக்கவில்லை. பொந்துகளைக் கம்பிவலை வைத்துச் சிமெண்ட் பூசி அடைத்தாள், புல்லைச் செதுக்கினாள், சிந்தின தானியத்தை ஒரு மணிகூட விடாமல் பெருக்க வைத்தாள். வெளியே தள்ளாடுகிற எலிகளைப் பிடித்து மூடி போட்ட டிரம்மில் போட்டு ஆழக் குழி தோண்டிப் புதைத்தாள். எலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவள் முகம் தெளியவில்லை.

"என் கண்ணுல படறத நான் எடுத்துடறேன். படாம சுவர் தாண்டிப் போறது எத்தனைண்ணே?" என்று கேட்டாள்.

"அதை எப்படிம்மா சொல்றது?"

"அப்ப நான் செய்யறது நல்லதா, இல்ல நல்லது செய்யறேன்னு நினைச்சுக்கறேனா?"

நான் எடை எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியின் எடையைச் சொல்லச் சொன்னால் சொல்வேன்.

மொட்டை தேறியது. கூண்டுக் கம்பியைக் கடித்து, தையல்காரரின் அளவு நாடாவை இழுத்துத் துண்டு துண்டாக்கியது. மருந்து வைக்காத இடமாகப் பார்த்து விடுங்கள் என்றார் டாக்டர். அப்படி ஓர் இடம் எது? வயல்காட்டில் விடலாம் என்றால் வரப்புக்கு வரப்பு எலி மருந்து. கோழிப்பண்ணைப் பக்கம் கறுப்புப் பெட்டி, நம் பெட்டிதான், அதே கம்பெனி. புதிதாகக் கட்டின வீடுகளின் பின்பக்கம் போனால் அங்கேயும் ஏதோ பொட்டலம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இவ்வளவு விஷம் இருக்கிறதென்று இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஸ்கூட்டரில் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஏரிக்கரை தாண்டி ஆளில்லாத பாறைப் பகுதியில் கூண்டைத் திறந்தோம். மொட்டை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நன்றி கெட்டது" என்றேன். "அப்படியே இருக்கட்டும்ண்ணே" என்று சொல்லிவிட்டு, வழி நெடுக என் முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கிய சமயம். காலையில் ஒரு லாரியை எடை போட்டு அனுப்பிவிட்டுப் பின்ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவள் இடுக்கியில் ஒரு எலியோடு டிரம்மை நோக்கிப் போகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம், பழைய இடத்தில், வால் நுனியில்லாத ஒரு கீரி பின்னங்காலில் எழுந்து நின்று எட்டிப் பார்க்கிறது. அவ்வளவு தூரம் எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் வெளியே ஓடினேன்.

அவள் எலியை டிரம்மில் போட்டு மூடியை அழுத்தினாள். சுவருக்கு வந்து, "போ. இங்க வராத. போயிடு" என்றாள். மொட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. அவள் கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். தெருநாய்மேல்கூடக் கை ஓங்காதவள். எறிந்தாள். கல் தள்ளிப்போய் விழுந்தது.

மொட்டை ஓடியது, கல் விழுந்த இடத்துக்கு. முகர்ந்து பார்த்தது, முன்னங்காலால் புரட்டிப் பார்த்தது, பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. இன்னொரு கல் எறிந்தாள். அதையும் ஓடிப்போய் முகர்ந்தது. அவள் கையிலிருந்து சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் வந்து அதற்குப் பழக்கமில்லை.

"என்னண்ணே இது, போகவே மாட்டேங்குது" என்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

மூன்றாவது கல்லைக் குறிபார்த்து எறிந்தாள். விலாவில் பட்டது. மொட்டை கீச்சென்று கத்திப் புரண்டு எழுந்தது. ஒரு கணம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது, பிறகு முள்ளுக்குள் ஓடி மறைந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே வராதில்லண்ணே?"

"வராதும்மா" என்றேன்.

அவள் நான் சொன்னதை நம்பவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த கற்களைப் பொறுக்கி, மறுநாளைக்கு எடுக்க வசதியாகச் சுவர்மேல் வரிசையாக வைத்தாள்.